தள்ளுவது உயரமா, சரிவா?

கிருஷ்ணாபுரம் என்றதும் வெங்கடாசலபதி கோயில் தூண்களில் இருக்கும் சிற்பங்கள்தான் யாருக்கும் நினைவுக்கு வரும். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் இறங்கி அவற்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் பலருக்கு, அதே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இயங்குவது தெரியாது. அங்கே நடக்கும் அளவீடுகளில் ஒன்று வேடிக்கையானது. மேகமும் மழையும் இல்லாத சாதாரண நாளில், வெறும் காற்றில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

காற்றில் வோல்ட் இருக்கத்தான் செய்கிறது. வெட்டவெளியில் தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே போனால் ஏறத்தாழ 100 வோல்ட் கூடுகிறது. இரண்டு மீட்டர் போனால் 200. ஐந்தரை அடி ஆள் ஒருவர் நிற்கும் இடத்தில் அவர் இல்லாவிட்டால், பாதம் இருக்கவேண்டிய புள்ளிக்கும் தலை இருக்கவேண்டிய புள்ளிக்கும் இடையே 150 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கும். வீட்டு பிளக்கில் வருவது 230. இன்னும் மேலே, அறுபது எழுபது கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால், தரையோடு ஒப்பிடும்போது வானம் இரண்டரை முதல் மூன்று லட்சம் வோல்ட்டில் இருக்கிறது. அதன் அடியில்தான் நாம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயல் வரப்பில் நடந்து போகிறோம். ஒன்றும் ஆவதில்லை.

வோல்ட் கூடினால் விசையும் கூடும் என்று நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கம்பத்தில் தொங்கும் மண்டையோட்டுப் பலகையும் அந்த எண்ணத்தைத்தான் வளர்த்திருக்கிறது. எச்சரிக்கை என்ற அளவில் அந்தப் பலகை நல்லதுதான். ஆனால் இயற்பியலாக எடுத்துக்கொண்டால் அது பாதி உண்மை. ஒரு மின்துகளைப் பிடித்துத் தள்ளுவது அந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பது அல்ல. பக்கத்து இடத்துக்குப் போகும்போது அந்த வோல்ட் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே அதைத் தள்ளுகிறது.

ஓர் இடத்தின் மின்னழுத்தம் என்பது வெறும் ஓர் எண். ஒரு கூலும் மின்னூட்டத்தை அங்கே கொண்டுபோய் வைக்க எத்தனை ஜூல் ஆற்றல் செலவாகும் என்பதை அது சொல்கிறது. ஒரு கூலுமுக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வோல்ட். இந்த எண்ணுக்குத் திசை கிடையாது. விசைக்கோ திசை உண்டு. கிழக்கே தள்ளுகிறதா, கீழே இழுக்கிறதா என்று சொல்லியாக வேண்டும். திசையே இல்லாத எண்ணிலிருந்து திசையுள்ள விசை எப்படிப் பிறக்கும்? ஓர் இடத்தின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்து எண்களோடு ஒப்பிட்டால் முடியும்.

தாமிரபரணிக்காரர்களுக்கு இதை விளக்க வேறெங்கும் போக வேண்டாம். பொதிகையில் ஆயிரத்து எழுநூறு மீட்டர் சொச்சம் உயரத்தில் பிறக்கும் ஆறு, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. அந்த உயரத்தில் பெரும்பகுதி பாபநாசத்தில் மலையிறங்கும்போதே தீர்ந்துவிடுகிறது. திருநெல்வேலி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர்தான். அங்கிருந்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தாண்டிக் கடல் வரை ஆறு தவழ்ந்துதான் போகிறது. இப்போது காரையாறு அணையை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்த்தேக்கம் மலைமேல், நல்ல உயரத்தில் இருக்கிறது. ஆனால் அதன் நீர்ப்பரப்பில் படகை விட்டால் தானாக எங்கும் ஓடாது, ஏனென்றால் அங்கே உயரம் இருக்கிறதே தவிர சரிவு இல்லை. அதற்குச் சில கிலோமீட்டர் கீழே, அகத்தியர் அருவியில், உயரம் குறைவு, சரிவோ செங்குத்து. தண்ணீரை எது தள்ளுகிறது என்று கேட்டால் குளிக்கப் போனவர் எவரும் சொல்லிவிடுவார்.

உயரத்தின் இடத்தில் மின்னழுத்தத்தை வையுங்கள், நீரின் நிறைக்குப் பதில் மின்னூட்டத்தை வையுங்கள். மீட்டருக்கு எத்தனை வோல்ட் இறங்குகிறது என்ற கணக்கைத்தான் மின்புலம் என்கிறோம். துகளின் மின்னூட்டத்தை மின்புலத்தால் பெருக்கினால் அதன்மேல் விழும் விசை கிடைத்துவிடும். சூத்திரம் அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் அலகுகளை வைத்தே சரிபார்க்கலாம். வோல்ட் என்பது கூலுமுக்கு ஜூல். ஜூல் என்பது நியூட்டன் பெருக்கல் மீட்டர். ஆகவே மீட்டருக்கு வோல்ட் என்பதும் கூலுமுக்கு நியூட்டன் என்பதும் ஒன்றே. காற்றில் மீட்டருக்கு 100 வோல்ட் என்று கிருஷ்ணாபுரத்தில் அளந்தால், ஒரு கூலும் அங்கே இருக்குமானால் அதை 100 நியூட்டன் விசை தள்ளும் என்று பொருள்.

பாடப்புத்தகத்தில் இந்தச் சூத்திரத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வரும். மாணவர்கள் தேர்வில் விட்டுவிட்டு மதிப்பெண் இழப்பது அதில்தான். மின்னழுத்தம் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் மின்புலம் என்பதே அதன் பொருள். நேர்மின் துகள் இறக்கத்தில் ஓடும். இந்த இடத்தில் ஆற்று உவமை நொண்டுகிறது. தண்ணீரில் ஒரே வகைதான் உண்டு. மின்னூட்டத்தில் இரண்டு வகை. எதிர்மின் துகளான எலக்ட்ரான், மின்னழுத்தச் சரிவில் மேட்டை நோக்கி ஏறும். மலையேறும் தண்ணீரைக் கற்பனை செய்ய முடியாதவர்கள் இங்கே உவமையைக் கைவிட்டுவிடுவது நல்லது. அதன் ஆற்றல் குறைகிற பக்கம்தான் அதுவும் போகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

சரி, நெல்லை வானத்துக்கே திரும்புவோம். காற்றில் எப்போதும் கொஞ்சம் அயனிகள் இருக்கின்றன. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும், மண்ணில் இருக்கும் கதிரியக்கத் தனிமங்களும் காற்று மூலக்கூறுகளைத் தட்டி எலக்ட்ரானைக் கழற்றிவிடுவதால் உண்டாகிறவை அவை. ஒரேயொரு எலக்ட்ரானை இழந்த அயனியை எடுத்துக்கொள்வோம். சுற்றிச் சில நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு, அதன் எடை ஹைட்ரஜன் அணுவைப்போல் நூறு மடங்கு என்று வைப்போம். மீட்டருக்கு 100 வோல்ட் என்கிற இந்தச் சாதுவான சரிவு அதைக் கீழே தள்ளும் விசையையும், பூமி தன் ஈர்ப்பால் அதைக் கீழே இழுக்கும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்த்தால், மின்விசை ஈர்ப்பு விசையைப்போல் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு. சிறு துகள்களின் உலகத்தில் ஈர்ப்புவிசைக்கு மரியாதையே இல்லை.

ஆனாலும் அந்த அயனி தோட்டா மாதிரிப் பாய்வதில்லை. இம்மி நகர்வதற்குள் காற்று மூலக்கூறு ஒன்றில் முட்டும். முட்டி, திசை மாறி, மறுபடி தள்ளப்பட்டு, மறுபடி முட்டும். சராசரியாகப் பார்த்தால் நொடிக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வேகத்தில்தான் இறங்கும். நேர்மின் அயனிகள் இப்படிக் கீழே இறங்க, எதிர்மின் அயனிகள் மேலே ஏற, வானுக்கும் மண்ணுக்கும் இடையே ஓயாமல் மிக மெல்லிய மின்னோட்டம் நடக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு அது ஓர் ஆம்பியரில் லட்சம் கோடியில் இரண்டு பங்கு. பூமி முழுவதற்கும் கூட்டினால் ஓராயிரம் ஆம்பியர் வரும். ஊர் நடுவில் நிற்கிற நமக்கு அதில் கிடைக்கும் பங்கு உணரவே முடியாத அளவு.

மேலே போகப்போக என்ன ஆகிறது என்பது இன்னும் சுவையானது. மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. விசையோ இறங்கிக்கொண்டே போகிறது. தரையருகே மீட்டருக்கு 100 வோல்ட்டாக இருந்த சரிவு, பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மீட்டருக்குச் சில வோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. காரணம் காற்றின் கடத்துதிறன். மேலே காஸ்மிக் கதிர்கள் அதிகம், காற்றும் அடர்த்தி குறைவு. அயனிகள் எளிதாக நகர்கின்றன. அதே மின்னோட்டத்தைக் கடத்த அங்கே சிறு சரிவு போதும். அதனால் மூன்று லட்சம் வோல்ட்டின் பெரும்பகுதி கீழிருக்கும் பத்துக் கிலோமீட்டருக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. அதற்கு மேல் ஏறக்குறையச் சமதளம். மூன்று லட்சம் வோல்ட்டில் மிதக்கும் ஓர் அயனியைவிட, அம்பாசமுத்திரத்து வயலில் பத்து வோல்ட்டில் இருக்கும் அயனியின்மேல் மின்புலம் தரும் விசை பல மடங்கு அதிகம். வோல்ட்டைக் கண்டு மிரளாதவர்கள் இதைச் சிரமமில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள்.

அப்படியானால் அந்த வயலில் நிற்கும் மனிதருக்கு ஏன் 150 வோல்ட் உறைப்பதில்லை? அவர் அங்கே வந்து நின்றதும் அந்த 150 வோல்ட் அங்கே இல்லாமல் போய்விடுகிறது. நம் உடல் மின்கடத்தி. காற்றோடு ஒப்பிட்டால் மிக நல்ல கடத்தி. உச்சியிலும் பாதத்திலும் வேறு வேறு மின்னழுத்தம் இருந்தால், நடுவே இருக்கும் மின்துகள்கள் சரிவில் நகர்ந்து நொடிப்பொழுதில் அந்த வித்தியாசத்தை அழித்துவிடும். ஆள் முழுவதும் தரையின் மின்னழுத்தத்துக்கு வந்துவிடுகிறார். 100 வோல்ட் தளம், 200 வோல்ட் தளம் என்று தரைக்கு மேல் கிடையாக விரிந்திருந்த சம மின்னழுத்தப் பரப்புகள், அவர் தலைக்கு மேல் கூடாரம் போட்டதுபோல் வளைந்து எழும்பிக்கொள்கின்றன.

இந்தச் சம மின்னழுத்தப் பரப்புகளைக் கண்முன் கொண்டுவர, இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தில் மாஞ்சோலைப் பகுதியைப் பார்த்தால் போதும். சம உயரக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். அதே தாளைக் கிழக்கே நகர்த்தினால் கோடுகள் அகன்றுபோய்விடும். நெருக்கம் இருக்கும் இடத்தில் செங்குத்து. கோட்டுக்குச் செங்குத்தாக எது குறுக்குவழியோ அதுதான் தண்ணீர் இறங்கும் திசை. மின்புலமும் அப்படித்தான். சம மின்னழுத்தப் பரப்பின்மேலேயே ஒரு துகளை நகர்த்தினால் மின்விசை எந்த வேலையும் செய்வதில்லை. பரப்பைக் குறுக்கே வெட்டுகிற திசையில்தான் அது தள்ளும்.

இதே கணக்குதான் பனைமரத்துக்கும் கோபுரத்துக்கும் வினையாக முடிகிறது. உயரமான, கூரான எந்தப் பொருளின் உச்சியிலும் இந்தப் பரப்புகள் வளைந்து ஏறும்போது நெருக்கியடித்துக்கொள்கின்றன. நெல்லையப்பர் கோயில் கோபுரக் கலசத்துக்கு அருகே சில சென்டிமீட்டருக்குள் எத்தனை வோல்ட் மாறுகிறதோ, கோபுரத்தின் அடிவாரத்தில் பல மீட்டர் நடந்தாலும் அவ்வளவு மாறாது. உச்சியில் விசை பெரிது, அடியில் சிறிது. கோபுரம் முழுவதும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தம்தான். இருந்தும் அதன் மேற்பரப்பில் இடத்துக்கு இடம் விசை மாறுகிறது. மழைக்காலத்தில் தேரிக்காட்டுத் தனிப்பனையை இடி தேடிப் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். இடி மழையில் மாட்டிக்கொண்டால் பனை அடியில் ஒதுங்குவதைவிடப் பேருந்துக்குள் இருப்பது மேல் என்பதும் இதிலிருந்தே வருகிறது. பேருந்தின் உலோகக் கூடு எத்தனை வோல்ட்டுக்கு ஏறினாலும், உள்ளே எல்லா இடமும் ஏறக்குறைய அதே வோல்ட்தான். சரிவு இல்லையென்றால் விசையும் இல்லை.

மின்பொறியாளர்கள் இந்த வித்தியாசத்தைக் காசாக்கியிருக்கிறார்கள். ராதாபுரம் வட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. முதல் இரண்டு அலகுகளும் தலா 1,000 மெகாவாட். அங்கிருந்து மின்சாரம் 400 கிலோவோல்ட், அதாவது நான்கு லட்சம் வோல்ட் வழித்தடங்களில் வெளியே வருகிறது. அந்தக் கோபுரங்களின் கீழே போகும்போது அண்ணாந்து பாருங்கள். ஒரு கம்பி போகவேண்டிய இடத்தில் நான்கு கம்பிகள், ஏறத்தாழ ஒன்றரை அடி இடைவெளியில், சதுரமாகப் பிடித்துவைத்த ஒரே கொத்தாகப் போகும். நான்கும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பவை. மின்னோட்டம் அதிகம் என்பதற்காக மட்டும் இப்படிச் செய்யவில்லை. மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பியாக இருந்தால், அதைச் சுற்றி வோல்ட் மிகச் செங்குத்தாக இறங்கும். அங்கே காற்றில் தற்செயலாக இருக்கும் எலக்ட்ரான், அடுத்த மூலக்கூறில் மோதுவதற்குள் அதை உடைக்கப் போதுமான ஆற்றலைப் பெற்றுவிடும். உடைந்ததிலிருந்து இன்னோர் எலக்ட்ரான், அது இன்னொன்றை உடைக்கும். சாதாரண வறண்ட காற்றுக்கு இந்த எல்லை மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட். கம்பியைச் சுற்றி நீலமாக மினுங்கி, ஸ்ஸ் என்று இரைச்சல் போட்டு, மின்சாரம் காற்றில் வீணாகும். நான்கு கம்பிகளைக் கொத்தாகக் கட்டினால் மொத்தமும் ஒரு தடித்த கம்பி மாதிரி நடந்துகொள்கிறது, சரிவு மட்டுப்படுகிறது. வோல்ட்டில் ஒன்றுகூடக் குறைக்காமல் விசையை மட்டும் குறைக்கிற வித்தை இது. தூறல் நாளில் அந்தப் பக்கம் போனால் இப்போதும் இரைச்சல் கேட்கலாம். கம்பியில் தொங்கும் மழைத்துளிகள் ஒவ்வொன்றும் ஒரு கூர்முனை.

அப்படியென்றால் வோல்ட் என்ற எண்ணால் பயனே இல்லையா என்றால், உண்டு, ஆற்றல் கணக்கில். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கியது. ஒரு லிட்டர் தண்ணீர் குழாய் வழியாகச் செங்குத்தாக இறங்கினாலும் சரி, பாறை வழியாகச் சுற்றிச் சுற்றி இறங்கினாலும் சரி, இறங்கிய உயரம் ஒன்றென்றால் அது இழக்கும் நிலையாற்றலும் ஒன்றே. வழி முக்கியமில்லை. மின்னழுத்தத்திலும் இதே நியாயம்தான். 2006-க்குப் பிறகு தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்தது பழைய படக்குழாய். அதற்குள் எலக்ட்ரான்களைத் திரையை நோக்கிச் செலுத்த இருபதாயிரம் வோல்ட் அளவில் வித்தியாசம் வைத்திருப்பார்கள். உள்ளே காற்றில்லை, முட்டுவதற்கு எதுவும் இல்லை. அந்த இருபதாயிரத்தைக் குறுகிய தூரத்துக்குள் வைத்தால் விசை பெரிது, தள்ளும் தூரம் சிறிது. நீட்டி வைத்தால் விசை சிறிது, தூரம் பெரிது. இரண்டையும் பெருக்கினால் ஒரே விடை. எப்படி வைத்தாலும் எலக்ட்ரான் திரைக்கு வந்துசேரும்போது அதன் வேகம் ஒளியின் வேகத்தில் கால் பங்கைச் சற்றே தாண்டியிருக்கும். கடைசியில் எவ்வளவு ஆற்றல் வரும் என்று கேட்டால் வோல்ட்டைப் பாருங்கள். இந்த நொடியில் எவ்வளவு விசை என்று கேட்டால் சரிவைப் பாருங்கள்.

மீண்டும் கிருஷ்ணாபுரம். அந்த ஆய்வுக்கூடம் அங்கே அமைந்ததற்கு முதன்மைக் காரணம் காந்தம். காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு இந்த வட்டாரத்தையொட்டிப் போகிறது. திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆய்வகத்தில் இருந்த ஜான் ஆலன் பிரௌன் 1850களிலேயே அகத்தியமலை உச்சியில் ஒரு காந்த நிலையம் கட்டி ஊசியின் அசைவுகளைக் குறித்தார் என்பது இப்பகுதிக்காரர்கள் அதிகம் பேசாத பெருமை. காற்றின் மின்சாரம் பின்னால் சேர்ந்துகொண்டது. அதை அளக்கும் கருவிகளில் ஒன்று பார்ப்பதற்கு மேசை விசிறியைப்போல் இருக்கும். எர்த் செய்த உலோக இதழ் சுழன்று, கீழே இருக்கும் தகட்டை மூடி மூடித் திறக்கும். திறக்கும்போதெல்லாம் மின்புலம் அந்தத் தகட்டில் சிறிது மின்னூட்டத்தைத் தூண்டும். மூடும்போது அது விலகும். அந்த ஏற்ற இறக்கத்தை அளந்தால் சரிவு தெரிந்துவிடும். அது அளப்பது வானத்தின் வோல்ட்டை அல்ல, தன் மூக்குக்கு நேரே இருக்கும் சரிவை மட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சரிவு நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. 1909-இல் வெள்ளோட்டம் விட்ட கார்னகி என்ற ஆய்வுக் கப்பல், 1929-இல் சமோவாவில் வெடித்து அழியும்வரை கடல் கடலாகச் சுற்றி அளந்ததில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. உலகத்தில் எங்கே நின்று அளந்தாலும் லண்டன் நேரம் மாலை ஏழு மணியளவில் சரிவு உச்சத்துக்கு வருகிறது. நமக்கு அது நள்ளிரவு தாண்டி அரைமணி. அமெரிக்கக் கண்டங்களில் அப்போது பிற்பகல். இடிமேகங்கள் திரளும் நேரம். இந்த இடிமேகங்கள்தான் வானத்தின் மூன்று லட்சம் வோல்ட்டைத் தக்கவைக்கும் மின்கலங்கள். அவை இல்லாவிட்டால் அந்த ஆயிரம் ஆம்பியர் ஒழுக்கிலேயே சில நிமிடங்களில் எல்லாம் வடிந்துவிடும். கிருஷ்ணாபுரத்தில் அமைதியான இரவுகளில் எடுத்த அளவுகளை ஆய்வாளர்கள் இந்தக் கப்பல் வரைகோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பகலில் உள்ளூர்ச் சமாசாரங்கள் குறுக்கிட்டுவிடும். வெயில் ஏறி, தரைக்காற்று கலங்கி, புழுதியும் அயனியும் மேலெழும்பும்.

கோடை மழைக்கு முன்னால் மேற்கே மலைப்பக்கம் கருக்கிற நாளில் அந்தக் கருவி காட்டுவதுதான் இந்தப் பாடம் முழுவதற்கும் நல்ல சான்று. இடிமேகத்தின் அடிப்பகுதி பெரும்பாலும் எதிர்மின் ஏறியது. தரையோடு ஒப்பிட்டால் அதன் மின்னழுத்தம் கோடிக்கணக்கான வோல்ட் கீழே இருக்கும். மேகம் நெருங்கும்போது, வழக்கமாக நேர்பக்கம் 100 காட்டும் அளவு குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் பூஜ்ஜியத்தைக் கடக்கும். தலைக்கு மேல் கோடி வோல்ட் நிற்க, தரையருகே இருக்கும் அயனியின்மேல் அந்தக் கணத்தில் மின்விசையே இல்லை. பிறகு அளவு எதிர்ப்பக்கம் ஏறத் தொடங்கி, மீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட்டைத் தொடும். இதுவரை மேலே ஏறிக்கொண்டிருந்த எதிர்மின் அயனிகள் கீழே வரும். இறங்கிக்கொண்டிருந்தவை மேலே போகும். புல் நுனி, பனையோலை நுனி, ஆண்டெனா முனை எல்லாவற்றிலும் சரிவு இன்னும் பல மடங்கு செங்குத்தாகி, அங்கிருந்து நேர்மின் அயனிகள் கசிந்து காற்றில் கலக்கும். அவை தரைக்கு மேல் ஒரு படலமாகச் சேர்ந்து மேகத்தின் இழுப்பைக் கொஞ்சம் மறைப்பதால்தான், எவ்வளவு பெரிய மேகமானாலும் தரையில் அளவு பெரும்பாலும் மீட்டருக்குப் பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டுவதில்லை. மின்னல் ஒன்று வெட்டியதும் முள் ஒரே துள்ளலில் விழும். அடுத்த சில நொடிகளில் மறுபடி ஏறத் தொடங்கும்.